துரைசாணிக்கு வீடு பார்த்த கதை

மனிதர்களைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். "எங்க பையன் பெரிய கெட்டிக்காரன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தால், அந்தப் பையன் நாலு பேர் முன்னாலாவது கெட்டிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். மாட்டைப் பற்றிக்கூடச் சொல்லலாம். சந்தையில் வாராவாரம் சொல்கிறார்கள். பூனையைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. நம் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிற எண்ணம் பூனைக்குத் துளியும் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது இருபத்துமூன்று. ஊர் பாகூர். என் தலை கீழேயும் கால்கள் மேலேயும் இருந்தன.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. நான் வில்லியனூர் மேரியில் குமாஸ்தா. (மேரி என்றதும் யாரோ பெண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ஊராட்சி ஆபீசுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிகிற மேசை என்னுடையது. பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா கரும்புக் கொல்லையில் சேறு மிதித்தவர். நான் செருப்புப் போட்டு, மை தொட்டு எழுதுகிறவன். அந்தத் திமிர் இருந்தது. பிரெஞ்சில் ஏழெட்டு வார்த்தை தெரியும். அந்த ஏழெட்டையும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை செலவழித்துவிடுவேன். 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'வீ' என்பேன். "சோறு போடட்டுமாடா?" என்று அம்மா கேட்டாலும் 'வீ'தான். ("இன்னாடா இது, கொசு கத்தற மாதிரி" என்பாள்.)

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. மேரிக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பியூன் மாசிலாமணி, குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"முசியே, கெணத்துக்குள்ள யாரோ உக்காந்துக்கினு என்னை மொறைக்கிறாங்க!" ('ஐயா' என்பதற்கு எங்கள் ஆபீசில் 'முசியே'.)

போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, செங்கல் பெயர்ந்த பொந்தில், வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. எவ்வளவு நேரமாக இருந்ததோ, உடம்பெல்லாம் நனைந்து எலும்பு தெரிந்தது. வேறு எந்தப் பூனையாக இருந்தாலும் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்திருக்கும். இது வாயைத் திறக்கவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கூடையில் கருவாடு வைத்துக் கயிற்றில் இறக்கினோம். கருவாட்டை மட்டும் தின்றுவிட்டுக் கூடையைத் திருப்பி அனுப்பியது. மறுபடி கருவாடு, மறுபடி காலிக் கூடை. அதற்குள் பதிவுக்கு வந்தவர்கள், தெருவில் போனவர்கள் என்று கிணற்றைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது முறை, போனால் போகிறது என்று கூடையில் ஏறி உட்கார்ந்தது. மேலே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் நன்றியை எதிர்பார்த்து இரண்டு கையையும் நீட்டினேன். பூனை என் கைகளுக்கு நடுவே புகுந்து நடந்து, நேராக ஆபீசுக்குள் போய், என் மேசையில் விரித்திருந்த இறப்புப் பதிவேட்டின்மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

"துரைசாணி மாதிரி போவுது பாருங்க" என்றார் மாசிலாமணி. அன்றிலிருந்து அதற்குத் துரைசாணி என்று பெயர்.

துரைசாணி யாரோடும் ஒட்டவில்லை. கூப்பிட்டால் வராது. தொட்டால் எழுந்து இரண்டடி தள்ளி உட்காரும். எலியை ஏறெடுத்தும் பார்க்காது. இதெல்லாம் அதன் சொந்த விஷயம், நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஆனால் கல்யாணம் பதிய வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போது மட்டும், அது தவறாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். கார்த்திகை முகூர்த்தத்தில் மூன்று ஜோடிகள் படியோடு திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு பெண்ணின் மாமா வாசலில் நின்று, "சர்க்காரே பூனையை வுட்டு சகுனம் கெடுக்குதா?" என்று சத்தம் போட்டார்.

பெரிய குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பூனை என்றாலே தும்மல் வரும்.

"தை பொறக்கறதுக்குள்ள... அச்சு... ஒண்ணு அது போவணும், இல்ல... அச்சு... நீ போவணும்."

"கரும்புக் கொல்லையில வுட்டுட்டு வந்துடலாம் முசியே" என்றார் மாசிலாமணி. எனக்கு மனசு வரவில்லை. கிணற்றுக்குள் அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்ட மாதிரி ஒரு திரும்பல் அது. எடுத்துவிட்டு மறுபடி எறிவதா? நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது என்று கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் முடியாது. அடைக்கோழி மூன்று இருந்தது. "அது வர்ற வழியா நான் போறேன்" என்றாள் அம்மா. அரிசி மண்டிக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் சாக்கில் கட்டி எடுத்து வந்தார்.

"எலியப் புடிக்கலன்னாகூட பரவால்ல தம்பி. கல்லாவுல உக்காந்துக்கினு என்னை ஒரு பார்வை பாக்குது. நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல, ராத்திரி தூக்கம் வரல."

அடுத்தது பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர். தனியாக இருந்தார். மடியில் போட்டுக் கொஞ்ச ஒரு ஜீவன் வேண்டும் என்றார். துரைசாணி மூன்று நாளும் அவருடைய அலமாரியின் உச்சியில், சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி இருந்ததாம். "இவ என்னை மதிக்கல தம்பி" என்று சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். துரைசாணி கேட்கவில்லை.

இப்படி மார்கழி வந்துவிட்டது. அப்போதுதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்:

"பாகூர்ல தணிகாசலத்தைப் பாத்தேன். பாவம் மனுசன், எலித் தொல்லை தாங்கலயாம். குதிர்ல கெடக்கற வெதை நெல்லுகூட மிஞ்சாது போலன்னு பொலம்பறார்."

தணிகாசலம் யார் என்று சொல்ல வேண்டும். பாகூரில் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். அவருடைய ஒரே பெண் அஞ்சலாட்சியை எனக்குக் கேட்டிருந்தார்கள். மார்கழியில் பெண் பார்க்கக் கூடாது என்பதால், "தை பொறக்கட்டும், வாங்க" என்று சொல்லிவைத்திருந்தார். பெண்ணை நான் பார்த்ததில்லை. அவர்களும் என்னைப் பார்த்ததில்லை.

அப்பா கை கழுவுவதற்குள் எனக்கு மூளை வேலை செய்துவிட்டது. (அந்த மூளை வேலை செய்த நாட்களை எண்ணிவிடலாம். ஒவ்வொன்றிலும் யாருக்காவது நஷ்டம் இருக்கும்.) மார்கழியில் பெண் பார்க்கக் கூடாது, சரி. பூனை கொடுக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? பூனைக்கும் வீடு கிடைக்கும், மாமனாருக்கும் என்மேல் ஒரு மதிப்பு வரும். மறுநாளே ஆபீஸ் காகிதத்தில் தணிகாசலத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்:

'எங்கள் அலுவலகத்தில் சேவை புரிந்துவரும் பூனை ஒன்று, தங்கள் இல்லத்துக்கு மாற்றலாகி வர இருக்கிறது. எலி என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பாயும் குணமுடையது. தற்சமயம் வில்லியனூரில் எலி என்பதே இல்லாமையால், அது வேலையின்றி வருந்துகிறது. வரும் ஞாயிறு காலை நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன்.'

கீழே பிரெஞ்சில் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சரிகைக் கரை போட்ட துண்டு. சைக்கிள் கேரியரில் மூடிய கூடை, அதற்குள் துரைசாணி. பூனை குறுக்கே போனாலே காரியம் கெடும் என்று ஊரே பயப்படுகிறது. நானோ அதைக் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு, பெண் வீட்டுக்கு மிதித்தேன்.

வில்லியனூரும் பிரெஞ்சு மண், பாகூரும் பிரெஞ்சு மண். நடுவில் இங்கிலீஷ்காரன் மண் ஒரு துண்டு கிடந்தது. அங்கே சுங்கச் சாவடி. பிரெஞ்சு எல்லையிலிருந்து சாராயம், பட்டு எது போனாலும் பிடிப்பார்கள். சாவடிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு என்னை நிறுத்தினார்.

"கூடையில இன்னா?"

"பூனைங்க."

"பூனையா, பிராந்தியா?"

"பூனைதாங்க. நான் வில்லியனூர் மேரியில உத்தியோகம்."

"பூனைன்னா கத்துமே?"

கூடைப் பக்கம் குனிந்து, "துரைசாணி, ஒரு வாட்டி கத்தும்மா" என்று கெஞ்சினேன். கூடைக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். "யோவ், பாட்டிலு எங்கயாச்சும் கத்துமா?" என்றார் ஒருவர்.

சாவடிக்காரர் மூடியை விலக்கி, உள்ளே கையை விட்டார். அடுத்த கணமே வெளியே எடுத்தார். கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனைதான்" என்றார்.

அதற்குள் துரைசாணி வெளியே வந்து, அவர் மேசைமேல் ஏறி, திறந்திருந்த நோட்டுப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தைக் கண்டால் அதற்குச் சொந்த வீடு மாதிரி. அதை எடுக்காமல் அவரால் எழுத முடியாது. எழுதாமல் வண்டிகள் போக முடியாது. வரிசை நீண்டுகொண்டே போயிற்று. "உன் பூனையை நீயே தூக்குய்யா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தூக்கினேன். முதல் முறை சட்டைக் கை போயிற்று. இரண்டாம் முறை கன்னத்தில் மூன்று கோடு விழுந்தது. மூன்றாம் முறை சரிகைத் துண்டைப் போட்டு மூடிச் சுருட்டி, கூடைக்குள் திணித்து, அந்தத் துண்டாலேயே கூடையையும் கட்டினேன்.

பாகூர் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் துண்டு இல்லை, ஒரு கைக்குச் சட்டை இல்லை, முகத்தில் ரத்தக்கோடு. தணிகாசலம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் இல்லை. என் கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேர், 'பாயும் குணமுடைய' பூனையைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

"வாங்க தம்பி... மூஞ்சியில இன்னா?"

"வழியில ஒரு எலி" என்றேன். "துரைசாணி பாய்ஞ்சா. நான் குறுக்க நின்னுட்டேன்."

(இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாயில் வந்துவிட்டது.)

கூட்டம் மரியாதையாக இரண்டடி பின்வாங்கியது. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, நெல் வைக்கிற அறைக்குப் போனோம். இருட்டான அறை. நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு குதிர். சுட்ட மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் களிமண் பூசியது. மேலே நெல் கொட்டுகிற வாய். அடியில் நெல் எடுக்க ஒரு சின்ன ஓட்டை, துணி வைத்து அடைத்திருந்தது.

துரைசாணியைக் கீழே விட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூலையிலிருந்து ஒரு எலி வந்தது. சின்ன எலி இல்லை. அந்த வீட்டில் பங்கு கேட்கிற வயசு. அது பூனைக்கு முன்னாலேயே நின்று, ஒரு நெல்லை எடுத்து, உமி நீக்கித் தின்றது. துரைசாணி கொட்டாவி விட்டது.

"சாப்ட்டுட்டு வந்திருக்குமோ?" என்றார் தணிகாசலம். நல்ல மனுஷர்.

"பிரெஞ்சு பூனை. நம்ம எலி பேசற பாஷை புரியல போல" என்றது ஒரு குரல்.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமப்பா. சர்க்கார் ஆபீசு பூனை எப்டி வேலை செய்யும்?" என்றது இன்னொன்று.

அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதோடு என் புத்தியும் போயிற்று.

"இது சில்லறை எலிங்களைத் தொடாது" என்றேன். "கும்பலா இருக்கணும். குதிருக்குள்ள காட்டறேன் பாருங்க."

உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். துரைசாணியை இரண்டு கையாலும் தூக்கி, குதிர் வாய்க்குமேல் பிடித்து, உள்ளே பார்க்கச் சொன்னேன். அது பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அறுவடைக்கு முந்தின மாதம். உள்ளே அடியில்தான் கொஞ்சம் நெல் இருந்தது. அதில் என்னமோ ஓடியது. "அதோ, அதோ" என்று இன்னும் குனிந்தேன். துரைசாணி என் கையிலிருந்து தோளுக்கு ஏறி, தோளிலிருந்து முதுகுக்குத் தாவி, முதுகை ஒரு உதை உதைத்துவிட்டுக் குதித்தது. உரல் உருண்டது. நான் தலைகீழாகக் குதிருக்குள் போனேன்.

இடுப்புவரை உள்ளே, கால்கள் வெளியே. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், ஒரே தூசி.

"ஐயோ, மாப்ள! காலைப் புடிங்கடா!"

நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். பாதிப் பேர் காலைப் பிடித்தார்கள், மீதிப் பேர் வேட்டியைப் பிடித்தார்கள். பலமாக இழுத்ததில் வேட்டி அவர்கள் கையோடு போயிற்று. நான் மொத்தமாக உள்ளே போனேன். வேட்டிக்கு அடியில் நான் கட்டியிருந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை.

நெல்லில் தலை புதைந்து கிடந்தேன். அப்போதுதான், கதவுக்குப் பின்னால் சிரித்த அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது: "எல்லாரும் மேலயே நின்னா எப்டி? மூச்சு முட்டப் போவுது. அடி வாயைத் தெறங்கப்பா!"

யாரோ துணி அடைப்பைப் பிடுங்கினார்கள். நெல் சரசரவென்று வெளியே ஓடியது. வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. நான் எப்படியோ புரண்டு, குதிரின் அடியில் கூனிக் குறுகி உட்கார்ந்தேன். கூட இரண்டு எலிகள் உட்கார்ந்திருந்தன. அந்த ஓட்டைக்கு வெளியே இரண்டு கண்கள் வந்து நின்றன. மை போட்ட பெரிய கண்கள்.

"உசுரு இருக்குதா?" என்று கேட்டன.

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, பழக்க தோஷத்தில், "வீ!"

கண்கள் விலகின. "அப்பா, எலிதான் கத்துது. அவரு பேசலையே!"

"அப்டீன்னா ஒடைச்சிர வேண்டியதுதான். கடப்பாரை எங்கடா?" என்று தணிகாசலம் அலறினார்.

எனக்கு உயிரே போயிற்று. குதிரை உடைத்தால், பன்னிரண்டு பேருக்கும் அந்தக் கண்களுக்கும் முன்னால், வேட்டி இல்லாமல் நான்!

"ஒடைக்காதீங்க! தயவுபண்ணி ஒடைக்காதீங்க! நான் இங்கயே இருக்கேன்!"

வெளியே தணிகாசலத்தின் மனைவி நெகிழ்ந்துபோய்ச் சொல்வது கேட்டது: "பாத்தீங்களா? உசுரு போற நேரத்துலயும் நம்ம குதிரு வீணாப் போவக் கூடாதுன்னு பாக்குது புள்ள. எவ்ளோ நல்ல மனசு!"

நான் திருத்தவில்லை.

கடப்பாரை வந்துவிட்டது. மேல் உறையில் முதல் இடி விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அடி ஓட்டை வழியாக என்னமோ என் முழங்காலைத் தொட்டது. பார்த்தால், கயிறு மாதிரி முறுக்கிய என் வேட்டி, முழம் முழமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தணிகாசலம் என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்ததை, அவள் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், யாரையும் கூப்பிட்டுச் சொல்லாமல், சிரிக்கவும் செய்யாமல், உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசி நுனி உள்ளே வந்ததும் வளையல் கை ஒன்று ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

அந்தக் குதிருக்குள் உட்கார்ந்து வேட்டி கட்டிக்கொண்டே நான் முடிவு செய்துவிட்டேன்: கட்டினால் இவளைத்தான். இவர்கள் கொடுப்பார்களா என்பதுதான் தெரியவில்லை.

மேல் உறையைப் பெயர்த்து என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். தலையெல்லாம் தூசு, காதெல்லாம் நெல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "பூனை எங்க?" என்றேன். அடிபட்டிருக்குமோ என்று நிஜமாகவே பயம்.

துரைசாணி, ஓட்டை வழியாகக் கொட்டிய நெல் குவியலின் உச்சியில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. நாலடி தள்ளி எலிகள் நெல் தின்றுகொண்டிருந்தன.

இனிமேல் ஒரு பொய்கூட என்னிடம் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது வாழ்நாளில் ஒரு எலியும் பிடித்ததில்லை. வில்லியனூரில் எலி நிறைய இருக்கிறது. என் கன்னத்தைக் கிழித்ததும் அதுதான். இரண்டு இடத்தில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். கொல்லையில் விட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் அப்படி எழுதினேன். "மன்னிச்சிடுங்க. இப்பவே எடுத்துக்கினு போயிடறேன்" என்று கூடையைத் தேடினேன்.

தணிகாசலம் உடைந்த குதிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு அவர் மனைவி வெளியே வந்து சொன்னார்:

"பூனை இங்கயே இருக்கட்டுமாம். எடுத்துக்கினு போவ வேணாமாம்."

"யார் சொன்னது?" என்றார் தணிகாசலம்.

"அஞ்சலாட்சிதான்."

"எலி புடிக்காத பூனை இன்னாத்துக்கு?"

உள்ளேயிருந்து அவளே பதில் சொன்னாள்: "எலி புடிக்காத மனுசங்க பத்து பேர் நிக்கறீங்களே அங்க. அதுக்கு மட்டும் இன்னா கேள்வி?"

நான் காலிக் கூடையோடு சைக்கிளை எடுத்தேன். சாவடிக்காரர் இந்தத் தடவை கூடையைத் திறக்கவே சொல்லவில்லை. கையில் கட்டுப் போட்டிருந்தார்.

எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் தணிகாசலம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உட்கார்ந்து பேசினார். அப்பாவுக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வை துரைசாணியின் பார்வையை மிஞ்சியது.

"உங்க புள்ள எழுதற கடுதாசியை நான் இனிமே நம்ப மாட்டேன்" என்றார் தணிகாசலம். "ஆனா நேர்ல பொய் சொல்லி நிலைச்சு நிக்கத் தெரியல. எனக்கு அது போதும். என் வூட்டுக்காரிக்கு வேற, குதிருக்காகக் கெஞ்சினாருன்னு ரொம்பப் புடிச்சிப்போச்சி."

வைகாசியில் கல்யாணம். எங்கள் மேரியிலேயே, என் மேசையிலேயே பதிந்தோம். பெரிய குமாஸ்தா அன்று தும்மவே இல்லை.

துரைசாணி கடைசிவரை பாகூரிலேயே இருந்தது. கடைசிவரை ஒரு எலியையும் தொடவில்லை, ஒருவர் மடியிலும் உட்காரவில்லை. தினமும் சாயங்காலம் என் மாமனார் வயலிலிருந்து வந்து உட்கார்ந்தால், அவருக்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும். அவரும் அதைத் தொட மாட்டார். ஆனால் சோற்றில் கை வைக்கும் முன், "துரைசாணி சாப்ட்டாளா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

குதிருக்குள்ளிருந்து நான் கெஞ்சியது வேட்டிக்காகத்தான் என்கிற உண்மையை எல்லோருக்கும் தெரியும்படி செய்தவள் அஞ்சலாட்சிதான். தன் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. எங்கள் குழந்தைகளிடம் எதையும் விட்டுவைக்காமல் சொல்லிவிட்டாள். அதன் பலனை நான் பல வருஷம் கழித்து அனுபவித்தேன். பெரியவள் நாலாம் வகுப்பில் படிக்கும்போது, தமிழ் வாத்தியார் பழமொழி நடத்தியிருக்கிறார். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை.' வரி கேட்டு வந்த ஆளிடம் பிள்ளை உளறிக் காட்டிக்கொடுத்த கதையை விளக்கிவிட்டு, "அப்படியென்றால் அப்பன் உண்மையில் எங்கே இருந்தான்?" என்று கேட்டிருக்கிறார்.

என் பெண் எழுந்து நின்று கணீரென்று சொல்லியிருக்கிறாள்: "குதிருக்குள்ளதான் சார் இருந்தாரு. வேட்டி மட்டும் வெளியில இருந்துச்சு."

அந்த வாத்தியார் ஓய்வு பெற்றும் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், வணக்கம் சொல்வதற்கு முன்னால், அவர் கண் ஒரு தடவை என் இடுப்புக்குப் போய்விட்டுத்தான் மேலே வரும்.